படகுக்கு எந்த அடுப்பு?



கடலோர ஊர் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து ஒரு விசைப்படகு வாங்கியிருக்கிறார்கள். ஐந்து நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்ய எண்ணம். ஆள் எட்டுப் பேர். வலை, ஐஸ், டீசல், வயர்லெஸ், ஜி.பி.எஸ். என்று ஒவ்வொன்றுக்கும் நாலு பேரிடம் விசாரித்து, விலை பேசி வாங்கியாயிற்றாம். அடுப்புக்கு மட்டும் யோசனை சொல்ல ஆளில்லை. வீட்டில் கிடக்கும் பழசைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்களாம். பத்திரிகையிடம் கேட்கிற கேள்வியா இது என்று கடைசி வரியில் கொஞ்சம் கூச்சமும் பட்டிருக்கிறார்.

கூச்சமே வேண்டாம். இந்த மாதம் வந்த தபாலில் இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. தனிக் கடிதமாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் இந்தப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

கரையில் அடுப்பு வாங்கும்போது நாம் பார்ப்பது இரண்டு: சீக்கிரம் சமையல் முடியுமா, எரிபொருள் மிச்சமாகுமா. படகில் இவை இரண்டும் பின்னால் வரட்டும். முதலில் கேட்கவேண்டியது, இதன் எரிபொருள் கசிந்தால் எங்கே போய்ச் சேரும் என்பது.

வீட்டில் கேஸ் கசிந்தால் கதவிடுக்கு, சாக்கடைத் துவாரம் என்று வெளியேற ஏதோ ஒரு வழி இருக்கும். படகோ மேலே மட்டும் வாய் திறந்த சட்டி. தண்ணீர் உள்ளே வராதபடி கட்டியது. அதனாலேயே உள்ளே இறங்கியது எதுவும் தானாக வெளியே போகாது. சமையல் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே கிளம்பிக் காற்றோடு போய்விடும் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தட்டுப்பலகை இடுக்குகளில் இறங்கி, இன்ஜின் கிடக்கும் அடிப்பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அங்கே பொறிக்கு என்ன பஞ்சம்? ஸ்டார்ட்டர் மோட்டார், தளர்ந்துபோன பேட்டரி இணைப்பு, தண்ணீர் ஏறியதும் தானாக ஓடும் பம்பின் சுவிட்ச் என்று எல்லாம் அந்தப் பள்ளத்திலேயே இருக்கின்றன. மேலே நிற்கிறவர் மூக்குக்கு வாசனை எட்டாமல் காலடியில் வாயு நிறைந்திருக்கக்கூடும். படகில் சிலிண்டர் வெடித்தது என்று செய்தியில் படிக்கிறோம். வெடித்தது சிலிண்டராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அடியில் தேங்கிய இந்த வாயுவும் அதே சத்தத்தோடுதான் வெடிக்கும்.

இதைப் படித்ததும் கேஸே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மற்ற அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சாராரை இந்தக் கணக்கிலிருந்தே விலக்கிவிட வேண்டும். விடிவதற்கு முன் ஃபைபர் படகில் போய் மதியத்துக்குள் கரை சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது: அடுப்பே வேண்டாம். ஃபைபர் படகின் கண்ணாடியிழை எரியாது. அதை ஒட்டவைத்திருக்கும் பிசின் கரும்புகையோடு நன்றாக எரியும். மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து இன்ஜின்களைப் பெட்ரோலில்தான் கிளப்புகிறார்கள். ஆகவே இரண்டு கேன்களும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். பெட்ரோலின் ஆவி பற்றிக்கொள்ள வெயில்கூட வேண்டாம், உறைபனிக்குக் கீழே நாற்பது டிகிரியிலும் பற்றும். அந்த இடத்தில் தேநீருக்காகத் தீக்குச்சி கிழிப்பதில் அர்த்தமில்லை. நல்ல ஃபிளாஸ்க் ஒன்றும், பழைய சோறும், தொட்டுக்கொள்ளக் கருவாடும் போதும்.

தங்கிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அடுப்பு தேவை. அவர்களுக்கு நீண்ட காலம் துணையிருந்தது மண்ணெண்ணெய். அதன் பெரிய குணம், சாதாரண வெப்பத்தில் எளிதில் ஆவியாகிப் பற்றாது என்பது. ஏறத்தாழ 35 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்குக் கிளம்பும். கொட்டிவிட்டால் வழுக்கும், நாறும், சோற்றில் வாடை அடிக்கும். ஆனாலும் துடைத்து எடுத்துவிடலாம். நம் வீடுகளில் பம்பு ஸ்டவ் என்று சொன்ன அடுப்பை 1892இல் உருவாக்கியவர் ஸ்வீடனின் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட். அவருடைய பிரைமஸ் அடுப்பு துருவங்கள்வரை போயிற்று. 1916 ஏப்ரல் 24ஆம் தேதி, அண்டார்க்டிகாவை ஒட்டிய யானைத் தீவிலிருந்து துருவப் பயணி ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் இருபத்திரண்டரை அடிப் படகு ஒன்றில் தெற்கு ஜார்ஜியா தீவுக்குக் கிளம்பினார்கள். ஏறத்தாழ எண்ணூறு மைல். உலகிலேயே மோசமான கடல்களில் ஒன்று. இருவர் எதிரெதிரே சாய்ந்து உட்கார்ந்து, கால்களால் பிரைமஸை இடுக்கிப் பிடித்துக்கொள்ள, அந்தச் சின்ன நெருப்பில்தான் வழியெல்லாம் சூடான கூழும் பாலும் காய்ந்தன. மே 10ஆம் தேதி ஆறு பேரும் உயிரோடு கரையேறினார்கள். கடலில் சூடான உணவு ஆடம்பரம் என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

ஆனால் பம்பு ஸ்டவ்வுக்குப் பொறுமை வேண்டும். பர்னரை முதலில் நன்றாகச் சூடாக்கினால்தான் மண்ணெண்ணெய் ஆவியாகி நீல நிறத்தில் எரியும். அவசரப்பட்டுப் பம்பு அடித்தால் எண்ணெய் அப்படியே பீய்ச்சி, மஞ்சள் தீ ஆளுயரத்துக்கு எழும். காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கத் தெரிந்த கைதான் அதைத் தொடவேண்டும். திரி ஸ்டவ் கொளுத்தச் சுலபம். ஆட்டத்தில் தொட்டி எண்ணெய் அலம்பி வெளியே வழியும் என்பதால் படகுக்கு ஆகாது. இரண்டிலும் உள்ள பெரிய பயம் வேறு. இரவில், அரைத் தூக்கத்தில், மண்ணெண்ணெய் கேன் என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றிவிடுவது. கொஞ்சம் கலந்தாலும் போதும். கேன்களின் நிறத்தைக் கட்டாயம் வேறுபடுத்துங்கள். பெட்ரோல் கேனின் கைப்பிடியில் தடவினாலே தெரியும்படி கயிறும் சுற்றிவையுங்கள். இப்போது ரேஷனில் மண்ணெண்ணெய் சுருங்கிக்கொண்டே வருவதால் இந்த அடுப்புக்கு இனி எத்தனை காலம் என்பது சந்தேகம்தான்.

வெளிநாட்டுப் பாய்ப்படகுக்காரர்கள் பலர் ஸ்பிரிட் அடுப்பை விரும்புவார்கள். அழுத்தம் இல்லை, தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். நமக்குச் சரிப்படாது. மண்ணெண்ணெயோடு ஒப்பிட்டால் சூடு கிலோவுக்குப் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். எட்டுப் பேருக்கு உலை கொதிப்பதற்குள் வலை இழுக்கும் நேரம் வந்துவிடும். வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்தது என்று நினைத்து மறுபடி ஊற்றுகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வார்கள். போதாக்குறைக்கு, விஷம் கலந்த ஸ்பிரிட் பாட்டிலை ஆட்கள் நடுவே வைத்திருப்பது தனி வம்பு.

இண்டக்ஷன் அடுப்பைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தீ இல்லை, புகை இல்லை, எல்லாம் சரி. 1,500 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். பெரிய லித்தியம் பேட்டரியும், தடித்த கம்பிகளும், நல்ல இன்வெர்ட்டரும் வைக்க வசதியுள்ள உல்லாசப் படகுக்கு அது ஏற்றது. மீன்பிடிப் படகின் ஈய பேட்டரிக்கு இன்ஜினைக் கிளப்பும் வேலையே பெரிது, அதை விட்டுவிடுவோம்.

விறகும் கரியும் திறந்த தட்டில், மணல் பெட்டிக்குள், காற்று மறைவில் எரியும்வரை பரவாயில்லை. மழைக்கு ஒதுங்கி வீல் ஹவுஸுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினால் ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். கரியில்தான் இது அதிகம். ஆனாலும் அடைத்த அறைக்குள் எந்தத் தீயும் இதே வேலையைச் செய்யும். பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில், தங்கும் அறை உள்ள படகுகளுக்கு இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரத்தை 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் படகை விற்கிறவரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

இனி கேஸ். நடைமுறையில் எட்டுப் பேருக்குச் சமைக்க இதைவிட வசதியானது இல்லை. ஆகவே இதை எப்படி வைப்பது என்பதுதான் விஷயம். சிறு படகுகளில் கேஸ் வைப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 10239 என்று சர்வதேசத் தரநிலை ஒன்று இருக்கிறது. அதன் சாரத்தை நம் படகுக்கு ஏற்பச் சொல்கிறேன். சிலிண்டர் அறைக்குள் இருக்கக்கூடாது. வீல் ஹவுஸிலும் வேண்டாம், இன்ஜின் ரூமுக்கு மேலும் வேண்டாம். பின்தட்டில் திறந்த வெளியில், மேலே மட்டும் மூடி உள்ள ஒரு பெட்டி செய்யுங்கள். அதன் அடியில் துளை போட்டு, அங்கிருந்து ஒரு குழாயை நீர்மட்டத்துக்கு மேலே படகின் வெளிப்புறம் திறக்கும்படி விடுங்கள். கசிந்த வாயு கனம் அதிகம் என்றேன் அல்லவா? அந்தக் கனமே அதைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிடும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கவேண்டும், அசையாமல் கட்டியிருக்கவேண்டும். சாய்ந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். ஒரு பங்கு திரவம் விரிந்தால் ஏறத்தாழ 250 பங்கு வாயு.

பெட்டியிலிருந்து அடுப்புவரை முழுக்க ரப்பர் டியூப் போடாதீர்கள். கம்பி வலை உள்ள, ஐ.எஸ்.ஐ. முத்திரை பதித்த ஆரஞ்சு டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதைவிடத் தூரமென்றால் செப்புக் குழாய் இழுத்து, கடைசித் துண்டுக்கு மட்டும் டியூப். வீட்டில் டியூபுக்கு ஐந்தாண்டு ஆயுள் என்பார்கள். உப்புக் காற்றும் வெயிலும் படும் இடத்தில் அந்த ஐந்தாண்டை நம்பாதீர்கள். வெடிப்பு தெரிகிறதா என்று வளைத்துப் பாருங்கள், தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது ஒவ்வொரு தங்கலுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை. கரையில் இறுக்கமாக இருந்த திருகு, இரண்டு நாள் இன்ஜின் அதிர்வில் தளர்ந்துவிடும்.

அடுப்பில் எதைப் பார்ப்பது? பளபளப்பான கண்ணாடி மேல்தட்டை விட்டுவிடுங்கள், ஆட்டத்தில் பாத்திரம் மோதினால் அதுதான் முதலில் போகும். ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள்: தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் அமைப்பு பர்னருக்குப் பர்னர் இருக்கிறதா? தீக்கு அருகே சிறு குச்சிபோல ஓர் உணரி நிற்கும். சூடு குறைந்ததும் வால்வை மூடிவிடும். நம் கடைகளில் விற்கும் சாதாரண இரண்டு பர்னர் அடுப்புகளில் பெரும்பாலும் இது இருக்காது. கடலிலோ காற்று ஒரு வீச்சில் தீயை அணைத்துவிடும். அணைந்ததை யாரும் கவனிக்காமல் வாயு ஓடிக்கொண்டேயிருக்கும். கூடுதல் பணம் கொடுக்கவேண்டிய இடம் இதுதான். அடுத்தது உலோகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 என்ற ரகம் மாலிப்டினம் கலந்தது, உப்புக்குத் தாங்கும். 304 துடைத்து வைத்தால் சமாளிக்கும். பெயின்ட் அடித்த இரும்பு ஒரு பருவம்தான். பர்னர் பித்தளையாக இருக்கட்டும்.

வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டரைப் படகில் ஏற்றுவது விதிப்படியும் சரியில்லை, தூக்கவும் கஷ்டம். அடையாள அட்டையைக் காட்டிப் பெட்ரோல் பங்குகளில் வாங்கும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. 2021இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்த கலவைப் பொருள் சிலிண்டர் துருப்பிடிக்காது, மீதியும் வெளியே தெரியும். உங்கள் ஊரில் கிடைத்தால் அதையே வாங்கலாம். இரும்புச் சிலிண்டர் என்றால் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். பி-27 என்று இருந்தால் 2027 ஏப்ரல் முதல் ஜூன்வரை என்று பொருள், அதற்குள் அது மறுபரிசோதனைக்குப் போகவேண்டும். நடுத்தர பர்னர் ஒன்று மணிக்கு 160 கிராம் அளவுக்கு எரிக்கும். 5 கிலோ என்பது ஏறக்குறைய 30 மணி நேரம். ஐந்து நாள் தங்கலில் நாளுக்கு ஆறு பர்னர்-மணி என்று வைத்தால் ஒரு சிலிண்டர் போதும், இன்னொன்று கையிருப்பு. அதுவும் அதே பெட்டியில்தான்.

அடுப்பை நிறுத்தும்போது முதலில் சிலிண்டரை மூடுங்கள். குழாயில் உள்ளது எரிந்து தீர்ந்து தீ தானாக அணைந்தபின் அடுப்பின் திருகை மூடுங்கள். மீறி வாசனை வந்தால் சிலிண்டரை மூடுவதுதான் முதல் வேலை. பீடி, லைட்டர், டார்ச், சுவிட்ச், செல்போன் எதையும் தொடாதீர்கள், இன்ஜினைக் கிளப்பாதீர்கள். மூடிகளையெல்லாம் திறந்துவிட்டு, வெறும் வாளியை அடிப்பள்ளத்தில் இறக்கி, தண்ணீர் இறைப்பது மாதிரியே இறைத்துக் கடலில் கொட்டுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். வாயு கனமானது என்பதால் வாளியில் வரும். பழைய பாய்ப்படகுக்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள்.

எரிபொருளுக்குப் பயந்ததில் பாதியாவது கொதிக்கும் தண்ணீருக்கும் பயப்படவேண்டும். வெளிநாட்டுச் சிறு படகுகளில் அடுப்பை இரு பக்கமும் அச்சில் தொங்கவிடுவார்கள். படகு பக்கவாட்டில் சாயும்போது அடுப்பு மட்டமாகவே நிற்கும். இரண்டு பேர், சின்னப் பாத்திரம் என்றால் அருமையான ஏற்பாடு. எட்டுப் பேருக்கான தவலையை அதன்மேல் ஏற்றினால் மேல்கனம் கூடிக் கவிழ்ந்துவிடும். ஆகவே நம் படகுக்குத் தாழ்வான, தட்டோடு முடுக்கிய அடுப்புதான் சரி. சுற்றிலும் கம்பி வேலி, பானையின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்காவது இருக்கட்டும்; ஊர் வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. பின்னால் பிளைவுட் சுவர் இருந்தால் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தகரம் அடியுங்கள்.

சமையலிலும் சில பழக்கங்களை மாற்றவேண்டும். கஞ்சி வடிப்பதை நிறுத்துங்கள் என்பேன். ஆடுகிற தட்டில் கொதிக்கும் தவலையைச் சாய்த்துப் பிடிப்பதைப்போல ஆபத்தான வேலை படகில் வேறில்லை. அதுவும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு. பிரஷர் குக்கர் இரண்டு வாங்குங்கள். மூடி பூட்டியிருப்பதால் உருண்டு விழுந்தாலும் சோறு கொட்டாது, ஆளும் வேகமாட்டார். பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம். தெர்மல் குக்கர் இன்னும் நல்லது: அரிசியைச் சில நிமிடம் கொதிக்கவைத்து உள்ளே இறக்கி மூடிவிட்டால், தீயில்லாமலே வெந்துவிடும். குழம்பு வைக்கலாம். எண்ணெய்ச் சட்டி வைத்து மீன் பொரிப்பதைக் கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம், மீன் எங்கும் ஓடிவிடாது.

தீயணைப்புக் கருவியை அடுப்புக்குப் பின்னால் மாட்டியிருக்கும் படகுகளைப் பார்த்திருக்கிறேன். தீயைத் தாண்டிப் போய் எடுக்கவா? வாசலருகே மாட்டுங்கள். பக்கத்தில் நனைத்துப் பிழிந்த சணல் சாக்கு ஒன்று எப்போதும் கிடக்கட்டும். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் சாக்கைப் போர்த்துங்கள். நைலான் வலையும் கயிறும் அடுப்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

ஆக, சகோதரர்களுக்கு என் முடிவு இது. தீ அணைந்தால் தானே நிற்கும் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, 5 கிலோ சிலிண்டர் இரண்டு, பின்தட்டில் துளையிட்ட பெட்டி, செப்புக் குழாய், கம்பி வேலி, இரண்டு குக்கர். இதற்கு இப்போது பணம் போதாதென்றால், திறந்த தட்டில் மணல் பெட்டிக்குள் பம்பு ஸ்டவ் வைத்துத் தொழிலைத் தொடங்குங்கள். வீட்டில் கிடக்கும் பழைய கேஸ் அடுப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறி, பழுது பார்த்து, பெயின்ட் அடிக்கும் அந்த நாட்களில் அடுப்புக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். உங்கள் படகில் அடுப்பு எங்கே இருக்கிறது, எதில் எரிகிறது, சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று ஒரு படத்தோடு எங்களுக்கு எழுதுங்கள். நான் சொன்னதைவிட நல்ல ஏற்பாடு உங்களிடம் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். தடைக்காலம் முடிவதற்குள் அவற்றைத் தொகுத்து இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்